கப்பல் பில்லில் டிப்ஸ் ஏற்கெனவே இருக்கிறது

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா கப்பல் கிளம்பியதிலிருந்து, நம் ஊர்க் குடும்பங்களுக்குக் கப்பல் சுற்றுலா எட்டாத விஷயமாக இல்லை. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து பெரிய கப்பலில் ஏறுகிறவர்களும் நிறைய. அறை, விசா, கரையில் என்ன பார்ப்பது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் டிப்ஸையும் பானங்களின் செலவையும் மட்டும் விட்டுவிடுகிறார்கள். கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திகைப்பது அதனால்தான்.

சென்னை ஓட்டலில் பில் வரும் தட்டில் இருபதோ ஐம்பதோ வைத்துவிட்டு எழுந்திருப்போம். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் ஏற்றக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கப்பலில் ஏறினால் கணக்கு தப்பும். அங்கே தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று, கிராஜுவிட்டி என்ற பெயரில் டிப்ஸ் தானாகவே உங்கள் கணக்கில் ஏறுகிறது. ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் 2025 நிலவரப்படி இது சாதாரண அறைக்கு 18.50 டாலர், சூட் எனும் பெரிய சொகுசு அறைக்கு 21 டாலர். அவ்வப்போது கூட்டுவார்கள், பதிவு செய்யும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர், நான்கு இரவு என்றால் 18.50 கணக்கில் 296 டாலர். ஏஜென்ட் சொன்ன பேக்கேஜ் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே கட்டிவிட்டால் கப்பலில் பில் இலேசாகும்.

இந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்கிறவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவர், கண்ணில் படாமல் பின்னால் வேலை செய்கிறவர்கள் என்று பிரிந்து போகிறது. சேவை மையத்தில் போய்க் கேட்டால் குறைத்தோ நீக்கியோ தருகிற நிறுவனங்கள் உண்டு. சேவை உண்மையிலேயே மோசம் என்றால் பயணத்தின் நடுவிலேயே சொல்லிச் சரிசெய்யுங்கள். காசு மிச்சம் பிடிப்பதற்காகக் கடைசி இரவில் வரிசையில் நின்று நீக்குவது மட்டும் வேண்டாம். மாதக்கணக்கில் வீட்டை விட்டு வந்து, வாரத்தில் ஏழு நாளும் உழைக்கிறவர்களின் வருமானம் அது. பிரிட்டனின் பி அண்ட் ஓ போலச் சில நிறுவனங்கள் டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டன. சீபோர்ன், சில்வர்சீ போன்ற உயர்தரக் கப்பல்களில் மதுவும் சேர்த்தி. அங்கே தனியாக எதுவும் தேவையில்லை.

பார் கணக்கு முற்றிலும் வேறு. தினசரி கிராஜுவிட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு பானத்தின் விலையிலும் டிப்ஸ் தானாக ஏறும். ராயல் கரீபியனில் 18 சதவீதம், நார்வீஜியன் நிறுவனத்தில் 20. 18 சதவீதத்தில் 14 டாலர் காக்டெய்ல் 16.52 ஆகும், 8 டாலர் பீர் 9.44. கையெழுத்துக்கு நீட்டும் சீட்டில் அதற்குக் கீழே இன்னொரு வரி காலியாக இருக்கும். அது கூடுதல் டிப்ஸுக்கு. நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் அங்கே பத்து சதவீதம் எழுதிவிடுகிறார்கள். ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அந்த வரியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, மொத்தத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டுப் பானங்களை வாங்கிக்கொள்ளும் மது பேக்கேஜை எடுக்கலாமா என்பது கணக்கைப் பொறுத்தது. நாளுக்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதத்தோடு 94.40. மேலே சொன்ன விலையில் தினமும் ஆறு காக்டெய்ல் அல்லது பத்து பீர் குடித்தால்தான் அந்தக் காசு திரும்பும். கரையில் இறங்கிச் சுற்றும் நாளில் இது நடக்காது. ஆனாலும் இடையில் ஒரு நாளை மட்டும் விட முடியாது, எல்லா இரவுக்கும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். இதைவிடப் பெரிய சிக்கல், அறையில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் குடிக்கும் வயதுள்ள மற்றவரும் வாங்க வேண்டும் என்ற விதி. கணவர் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்ற வீட்டில் நான்கு இரவுக்கு 755 டாலர் வந்து நிற்கும். ஒரு பேக்கேஜில் இருவர் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு முறைக்கு ஒரு பானம்தான் தருவார்கள், பகிர்வது தெரிந்தால் பேக்கேஜையே நிறுத்துவார்கள். அளவாகக் குடிக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொன்றாக வாங்குவதே லாபம் என்று தயங்காமல் சொல்வேன்.

மது தொடாதவர்களுக்கும் பில் வரும். பஃபேயில் தண்ணீர், ஐஸ் டீ, லெமனேட், சாதாரண காபி, டீ இலவசம். பாட்டில் தண்ணீர், கோக், பிழிந்த ஆரஞ்சுச் சாறு, கேப்புச்சினோ எல்லாவற்றுக்கும் காசு. இலவசக் காபி நீர்க்க இருக்கும், நம் நாக்குக்குப் பிடிக்காது. இன்ஸ்டன்ட் காபித்தூளும் பால் பவுடரும் எடுத்துப் போங்கள், பஃபேயில் வெந்நீர்க் குழாய் இருக்கும். கெட்டிலையும் இம்மர்ஷன் ராடையும் பெட்டியில் வைக்காதீர்கள், தீ ஆபத்து என்று ஏறும்போதே பறித்துக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டிலோ கோக்கோ கொண்டுபோக ராயல் கரீபியன் அறைக்குப் பன்னிரண்டு வரை விடுகிறது, கைப்பையில் வையுங்கள். ஒயின் என்றால் வயது வந்த ஒருவருக்கு ஒரு 750 மில்லி பாட்டில், அதுவும் ஏறும் நாளில் மட்டும். கரையில் வாங்கும் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள்.

கூடுதலாக ரொக்கம் கொடுக்க ஆசையா? தினமும் அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் கையில் கடைசி நாளுக்கு முதல்நாள் மாலையே கொடுங்கள். இறங்கும் காலையில் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. பணம் மாற்றும் கடையில் ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நூறு டாலர் தாளாகத்தான் தருவார்கள். ரூபாயை அவர்களால் மாற்ற முடியாது.

கப்பலில் எதை வாங்கவும் ரொக்கம் செல்லாது, எல்லாம் அறை அட்டையில்தான். அதோடு இணைக்கக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட், ஃபோரெக்ஸ் கார்டு கொடுத்தால் செலவுக்கு முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது திரும்பி வர நாளாகும். ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்டால் டாலரே போதும் என்று சொல்லுங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் அநேகமாக உங்களுக்குப் பாதகம்தான். கப்பலின் ஆப்பில் தினமும் இரவு பில்லைப் பாருங்கள். வாங்காத பானம் ஏறியிருந்தால் மறுநாள் காலையிலேயே, சீட்டு கையில் இருக்கும்போது, சேவை மையத்தில் சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள்.