இசக்கி கதை தெரிந்தவர்களுக்கு ஒரு வாசிப்பு வரிசை

“மக்கா, சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லேன்னா மாயக்கதை படிக்கணும், எதுல தொடங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நண்பர்கள் நீட்டும் புத்தகம் பெரும்பாலும் தலையணை கனத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் படிப்பவர் ‘டியூன்’ என்பார், தமிழ் படிப்பவர் ‘விஷ்ணுபுரம்’ என்பார். இரண்டும் பெரிய ஆக்கங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வகைக்கே புதிதாக வருகிறவருக்கு முதல் புத்தகமாகக் கொடுக்கக் கூடாதவை. நூறு பக்கம் தாண்டுவதற்குள் ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று மூடி வைத்துவிடுவார். அப்புறம் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

முதலில் சிறுகதை, பிறகு ஒரே புத்தகத்தில் முடியும் நாவல், கடைசியாகத்தான் தொடர். சாதாரண நாவலில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் என்று எழுதினால் போதும், மீதியை வாசகரே நிரப்பிக்கொள்வார். இந்த வகையில் அது நடக்காது. அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பதை ஒவ்வொரு கதையிலும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இருபது பக்கக் கதைகள் பத்துப் படித்தால் பத்து உலகங்களுக்குள் போய் வந்த பழக்கம் கிடைத்துவிடும். அந்தப் பழக்கம் வந்தபின் எண்ணூறு பக்கமும் சுமையாகத் தெரியாது.

அறிவியலா, மாயமா, எந்தப் பக்கம் உங்களுக்கு ருசிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலைக் கடக்கும்போது சாலையோரம் இசக்கியம்மன் கோயில், சுற்றிலும் காற்றாலைகள். உங்கள் கண் எதில் நிற்கிறது? ‘இந்தக் காத்தாடி எப்படிச் சுற்றுது, காற்று நின்றுபோனா ஊருக்கு என்ன ஆகும்’ என்று யோசிப்பவர் அறிவியல் புனைகதையில் தொடங்கலாம். ‘இங்கே ராத்திரி பத்து மணிக்குமேல் யார் வருவா’ என்று யோசிப்பவருக்கு மாயக்கதை.

மாயக்கதைக்காரர்களுக்கு நம் குமரி மாவட்டத்தில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. யட்சிக் கதை, அதாவது இசக்கி கதை, கேட்டு வளர்ந்த யாருக்கும் அதன் விதிகள் தெரியும். அவள் வழியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையில் இரும்பு இருந்தால் கிட்டே வர மாட்டாள். மந்திரவாதி ஆணியடித்து மரத்தில் தறைத்துவிட்டால் அடங்குவாள், விவரம் தெரியாத ஒருவன் ஆணியைப் பிடுங்கினால் மறுபடி கிளம்புவாள். நல்ல மாயக்கதையின் இலக்கணம் இதுதான்: சக்தி இருக்கும், அதற்கு எல்லை இருக்கும், எல்லையை மீறினால் யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கும். நாயகன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் புதுசாக ஒரு மந்திரம் முளைத்துக் காப்பாற்றுகிறது என்றால் அந்தப் புத்தகத்தைத் தயங்காமல் கீழே வையுங்கள்.

தமிழில் தொடங்க ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ நல்ல தேர்வு. பேய்க்கதைகள்தான், ஆனால் பயமுறுத்துவதோடு நின்றுவிடாதவை. வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அவருடைய ‘பனிமனிதன்’ கொடுக்கலாம், பெரியவர்களும் சேர்ந்து படிக்கலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலா’ இருக்கிறது. கடமற்றத்துக் கத்தனார் கதை அதில்தான். தொகுப்பு தடிமன் என்றாலும் தனித்தனிக் கதைகள் என்பதால் எங்கே வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆங்கிலத்தில் உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). இருநூறு பக்கத்தை ஒட்டிய சின்னப் புத்தகம். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் அதிகாரம், அதையும் அளவு மீறிப் பயன்படுத்தினால் உலகத்தின் சமநிலை குலையும் என்பது அதன் விதி. நம் மந்திரவாதிக் கதைகள் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது. தொடரின் முதல் புத்தகம் என்றாலும் கதை அதிலேயே முடிந்துவிடுவதால் தனி நாவலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். மாய யதார்த்தம் என்று பின்னட்டையில் பார்த்துவிட்டு, மாயக்கதை என்று நினைத்து ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ வாங்கிப் போவார்கள். அங்கே மாயத்துக்கு விதியும் கிடையாது, விளக்கமும் கிடையாது, யாரும் அதைக் கண்டு வியப்பதும் கிடையாது. அருமையான நாவல்தான், ஆனால் டிராகன் தேடிப் போனவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

அறிவியல் பக்கம் வருவோம். சுஜாதாவை விட்டுவிட்டுத் தமிழில் தொடங்க முடியாது. நாவலுக்குமுன் அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகள் தொகுப்பு. அடுத்து ‘என் இனிய இயந்திரா’, அதற்கப்புறம் ‘மீண்டும் ஜீனோ’. வரிசை மாறினால் இரண்டாவதில் ஜீனோ என்கிற இயந்திர நாய் ஏன் இப்படிப் பேசுகிறது என்பதே பிடிபடாது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், ஓட்டமாகப் படிக்கலாம். 1980களில் எழுதியது, 2020களில் நடப்பதாக வைத்தது. சொன்னது பலித்ததா என்று சரிபார்த்துக்கொண்டே படிப்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. ஆட்சி ஒரு மனுசனின் பெயரையும் ஆயுளையும் தீர்மானித்தால் அவன் என்ன ஆவான் என்பதுதான் அங்கே கேள்வி, அதற்குக் காலாவதித் தேதி இல்லை.

அடுத்த படிக்கு ஜெயமோகனின் ‘விசும்பு’. சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபறிவிலிருந்து அறிவியல் கதை எழுத முடியும் என்று காட்டிய தொகுப்பு. புதியவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க ‘அரூ’ இணைய இதழ், 2018இல் தொடங்கியது, இலவசம். பொதுவாகத் தமிழ் அறிவியல் கதைகளில் இரண்டு நோய்கள் உண்டு. பேராசிரியர் ஒருவர் வந்து இரண்டு பக்கம் பாடம் நடத்துவது ஒன்று, கடைசி வரியில் ‘அவனும் ரோபோதான்’ என்று முடிப்பது இன்னொன்று. முதல் மூன்று கதைகளில் இவை இரண்டும் தென்பட்டால் தொகுப்பை வைத்துவிடலாம்.

ஆங்கிலத்துக்குத் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். ஐசக் அசிமோவின் ‘ஐ, ரோபோ’ (1950) ஒன்பது கதைகள், ஆங்கிலம் செய்தித்தாள் அளவுக்குத்தான் இருக்கும். ரோபோக்களுக்கு மூன்று சட்டங்கள், அந்த மூன்றுக்கும் இடையே எங்கே சிக்கல் வருகிறது என்பதே ஒவ்வொரு கதையும். இதே தெளிவை வில்லியம் கிப்சனிடம் எதிர்பார்க்காதீர்கள், ‘நியூரோமான்சர்’ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆர்தர் கிளார்க். 1956 முதல் இலங்கையில் குடியிருந்தவர், 2008இல் கொழும்பில் இறந்தார். அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நாவலைக் குமரி மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள். பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நிற்பது ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர்மேலே. அங்கிருந்து கேபிளை நேராகக் கீழே இறக்க வேண்டுமானால் அடிவாரமும் பூமத்திய ரேகையில்தான் இருக்க வேண்டும். இலங்கை அங்கே இல்லை. கிளார்க் என்ன செய்தார் என்றால், தீவையே 800 கி.மீ. தெற்கே நகர்த்திவிட்டு, அப்படிச் செய்ததைப் பின்னுரையில் சொல்லியும் விட்டார். நம் முனைகூடப் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட 900 கி.மீ. வடக்கேதான். இப்படிச் சில மாற்றங்கள், அதன்பிறகு எல்லாம் கணக்குப்படி: நல்ல அறிவியல் புனைகதைக்கு இதைவிடச் சுலபமான அடையாளம் எனக்குத் தெரியாது. தும்பா, மகேந்திரகிரி விண்வெளி மையங்களில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் ஆண்டி வெய்ரின் ‘தி மார்ஷியன்’ வாங்கிக் கொடுங்கள், கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே படிப்பார்கள்.

விருதுப் பட்டியல்களை நம்பலாமா? பயன்படுத்தத் தெரிந்தால் நம்பலாம். ஹியூகோ விருது 1953இல் தொடங்கியது, உலக அறிவியல் புனைகதை மாநாட்டு உறுப்பினர்களான வாசகர்கள் வாக்களிப்பது. நெபுலா விருதுக்கு எழுத்தாளர்களே வாக்களிக்கிறார்கள். இரண்டிலும் நாவல் வரிசையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், அங்கேதான் வழுக்கும். என். கே. ஜெமிசினின் ஒரே முத்தொகுதி 2016, 2017, 2018 என்று மூன்று வருஷமும் நாவலுக்கான ஹியூகோவை வாங்கியது. ‘2017இல் ஜெயித்தது’ என்று வாங்கினால் கையில் இருப்பது இரண்டாம் பாகம். அதனால் நாவல் வரிசையை விட்டுவிட்டுக் கீழே உள்ள சிறு வரிசைகளைப் பாருங்கள். 7,500 சொல்லுக்குள் சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல் என்று பிரித்திருப்பார்கள். பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்தால் 25 பக்கம், 60 பக்கம், 130 பக்கம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயிலில் ஒரு சிறுகதை சாவகாசமாக முடியும். சிறுகதைப் பட்டியலில் வருபவை பல இணைய இதழ்களில் இலவசமாகவே கிடைக்கும். ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ 2006 முதல் இப்படி வெளியிடுகிறது, ஒலி வடிவமும் உண்டு.

தொடர்களில் எண்ணை நம்பாதீர்கள், வெளிவந்த வருஷத்தைப் பாருங்கள். சி. எஸ். லூயிஸின் நார்னியா பெட்டித் தொகுப்பில் 1 என்று போட்டிருப்பது 1955இல் வந்தது. 1950இல் வந்த சிங்கமும் சூனியக்காரியும் கதைதான் உண்மையான வாசல், முன்கதையை முதலில் படித்தால் அதன் ஆச்சரியம் செத்துவிடும். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையிலும் 1951 புத்தகமே முதலில், 1988இல் எழுதிய முன்கதை அப்புறம். ஒரே புத்தகம் இரண்டு பெயரில் சுற்றுவதும் உண்டு. பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ அமெரிக்காவில் ‘தி கோல்டன் காம்பஸ்’. இரண்டையும் வாங்கி விழிக்காமல் இருக்க ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற இணையத் தரவுத்தளத்தில் ஆசிரியர் பெயரை இட்டால் போதும், வரிசை, வருஷம், மாற்றுப் பெயர் எல்லாம் வந்துவிடும்.

இலவசம் என்றால் குட்டன்பெர்க் தளத்தில் வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ (1895) எடுங்கள், குறுநாவல் அளவுதான். வங்க எழுத்தாளர் ரொக்கேயாவின் ‘சுல்தானாஸ் ட்ரீம்’ இன்னும் சின்னது, 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் ஆங்கிலத்தில் வெளியானது. ஜூல்ஸ் வெர்ன் எடுக்கும்போது மட்டும் கவனம். கடலடிப் பயண நாவலின் பழைய மெர்சியர் மொழிபெயர்ப்பு மூலத்தில் கால்வாசியை வெட்டியது, அதுதான் இன்றும் மலிவுப் பதிப்புகளில் சுற்றுகிறது. குட்டன்பெர்க்கிலேயே எஃப். பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு இருக்கிறது. தமிழில் நூற்றிருபது பக்கத்தில் வெர்ன் கண்ணில் பட்டால் அது சுருக்கம் என்று தெரிந்தே வாங்குங்கள்.

நூலகத்தில் இந்த வகைக்குத் தனி அலமாரியை எதிர்பார்க்காதீர்கள். சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகள் கணேஷ், வசந்த் துப்பறியும் நாவல்களுக்கு நடுவே இருக்கும், மாயக்கதைகள் சிறுவர் பகுதிக்குப் போயிருக்கும். ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்பதே வேகமான வழி. புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதக் கழிவைவிட, நின்றபடியே முதல் கதையைப் படித்துப் பார்க்க முடிவதுதான் லாபம்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களுக்குத் திருவனந்தபுரம் பாளையத்துப் பழைய புத்தகக் கடைகள் வரை போகலாம். வாங்குமுன் பக்க எண்ணைப் புரட்டிப் பாருங்கள். புத்தகம் பாரம் பாரமாக, அதாவது பதினாறு பக்கம் கொண்ட மடிப்புகளாக, கட்டப்படுவதால் விடுபட்டால் ஒரு பக்கமாக விடுபடாது, பதினாறு பக்கம் சேர்ந்தே போயிருக்கும், அல்லது அதே பதினாறு இரண்டு தடவை வந்திருக்கும். கடைசித் தாளைப் பார்க்க மறக்காதீர்கள். எழுத்து மெலிந்து ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருந்தால் திருட்டுப் பதிப்பு, நடுவில் விரித்ததும் பசை விட்டுவிடும்.

படிக்கத் தொடங்கியபின், புரியாத சொல் வந்ததும் அகராதியைத் திறக்காதீர்கள். பாதிச் சொற்கள் ஆசிரியரே உண்டாக்கியவை, எந்த அகராதியிலும் இருக்காது. முதல் ஐம்பது பக்கம் அரைகுறையாகப் புரிவது இந்த வகையில் சகஜம். ‘டியூன்’ மாதிரிப் புத்தகங்களில் கடைசியில் சொற்பட்டியலே இருக்கும், அங்கே ஒரு அடையாளத் தாளைச் செருகிக்கொள்ளுங்கள்.

ஐம்பதுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் எதனால் ஒட்டவில்லை என்று மட்டும் கவனியுங்கள். பெயர்கள் குழப்பின என்றால் ஒரே ஆளைச் சுற்றி நடக்கும் கதைக்குப் போங்கள், ‘எர்த்ஸீ’ அப்படித்தான். அறிவியல் விளக்கம் அலுப்பு தட்டியது என்றால் ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாகத் தமிழிலேயே வந்திருக்கிறது, மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதியின் முடிவுவரை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், நடுவில் நிறுத்த வசதியான இடம் கிடையாது.