ஏழு கிலோமீட்டர்

மாற்றல் உத்தரவு வந்ததும் ஆபீஸில் எல்லோரும் "கோத்தகிரியா? கொடுத்து வெச்சவ" என்றார்கள். 2023 ஜூனில் வேளச்சேரி அறையைக் காலி பண்ணிவிட்டு, இரண்டு சூட்கேஸும் ஒரு மிக்ஸியுமாக மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். அந்த மாதக் கடைசியில் சென்னையில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் உரிமை கேட்டு நடக்கும் வானவில் பேரணி. 2009-லிருந்து நடக்கிறது, கொரோனா காலம் போக, சில வருஷங்களாக நான் தவறவிட்டதே இல்லை. இந்த முறை பேரணி நேரத்தில் டானிங்டன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஜன்னல் இடுக்குகளில் பழைய பேப்பரைச் செருகிக்கொண்டிருந்தேன். காற்று அப்படி.

அந்த வீடு கிடைத்ததே பெரிய கதை. தனியாக இருக்கும் பெண் என்றதும் மூன்று இடத்தில் முடியாது என்றுவிட்டார்கள். நான்காவது வீட்டு ஓனர் ஆன்ட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஆம்பளைங்க யாரும் வந்து போகக் கூடாதும்மா." இவ்வளவு சுலபமாக நான் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டியதில்லை. எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது ஆன்ட்டிக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

சின்ன ஊர். சனிக்கிழமை நான் எத்தனை முட்டை வாங்கினேன் என்பது திங்கட்கிழமை ஆபீஸுக்குத் தெரிந்திருக்கும். அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் "என்னம்மா, வீட்ல ஏதாவதா?" என்று கேட்டார். "பல்வலி சார்" என்றேன். மறுநாள் அவர் கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

தூக்கம் போய்விட்டது. கவுன்சலிங் போனேன். "கல்யாணம் பண்ணிக்கிட்டா தானா மாறிடும்" என்றார் அந்த அம்மா. இப்படி 'மாற்ற' முயலக் கூடாது என்று 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு எனக்கு வரி வரியாகத் தெரியும். ஆனாலும் வாய் திறக்காமல் ஃபீஸைக் கட்டிவிட்டு வந்தேன். சென்னைத் தோழிகள் பிறகு வேறொருவரிடம் சேர்த்துவிட்டார்கள், போனிலேயே.

அடுத்து டேட்டிங் ஆப். மலையில் அது வார விடுமுறைக் கடை. வெள்ளி ராத்திரி பெங்களூர் முகங்களாக நிரம்பும், ஞாயிறு மத்தியானம் ஈ ஓடும். மிச்சமிருந்ததில் ஒன்று பெண் படம் வைத்த ஆண். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: குரல் கேட்காமல் ஊர்ப்பேர் சொல்வதில்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் வாரநாளிலும் அசையாமல் அங்கேயே இருந்தது. 'ஏழு கிலோமீட்டர்' என்று காட்டியது. அது பறவைக்கான ஏழு. நடுவில் பள்ளத்தாக்கு. நமக்கு இரண்டு பஸ், ஒன்றே கால் மணி நேரம். முகப்படம் கிடையாது, ஒரு செம்பருத்திதான். குரல் பெண் குரல்தான், இருந்தும் சந்தேகம் போகவில்லை. "உங்க பக்கம் இப்ப எப்படி இருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்க" என்றேன். எங்கள் பக்கம் கை நீட்டினால் விரல் தெரியாத மிஸ்ட். வந்த படத்தில் நல்ல வெயில், தேயிலைச் சரிவு, அதற்கு எதிரே வெள்ளையாக மூடிய மலை. அதன் உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு செல்போன் டவரின் நுனி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனை டவர். அந்த வெள்ளைக்குள்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு எவனும் அனுப்ப முடியாத படம்.

சந்தித்தது பஸ் ஸ்டாண்டில். இரண்டு பொம்பளைகள் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காபி ஷாப்பை விட அதுதான் பத்திரம். நாற்பத்தைந்து வயசிருக்கும், படுகர், ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், அரை ஏக்கர் தேயிலை. வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே முதல் பத்து நிமிஷம் பச்சை இலை விலையைத் திட்டினார். பிறகு, பக்கத்து ஹட்டிக்குக் கட்டிக்கொடுத்த ஒரு தோழியைப் பற்றிச் சொன்னார். அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லையாம்.

நமக்கெல்லாம் இப்போது தமிழிலேயே பேர் இருக்கிறது அக்கா, 2022-ல் அரசிதழிலேயே சொற்பட்டியல் போட்டார்கள் என்று 'பால்புதுமையினர்', 'தன்பாலீர்ப்பு' எல்லாம் ஒப்பித்தேன். "என்னம்மா இது, ரேஷன் கார்டுல வர்ற வார்த்தை மாதிரி" என்று சிரித்தார். அவரிடம் இருந்த வார்த்தை 'அவளும் நானும்' மட்டும்தான்.

அதன்பின் கோவை. தோழிகள் வழியே ஒரு நம்பர் கிடைத்து, ஒரு ஞாயிறு நானும் அக்காவும் விடியற்காலை பஸ் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, ரேஸ்கோர்ஸில் ஐந்து பேரைப் பார்த்தோம். பாதி நேரம் திரும்பும் பஸ்ஸைப் பற்றியே பேசினோம். "வீட்டில் சொல்லிடு, விடுதலை" என்று சென்னையிலிருந்து இன்னமும் அறிவுரை வருகிறது. இங்கே சொன்னால் வீடும் போகும், ஊரும் போகும். பத்துத் தெரு தள்ளி வேறு வீடு பார்க்க இது வேளச்சேரி இல்லை.

இப்போது அவர்கள்தான் மேலே வருகிறார்கள். நீலகிரிக்குள் வெளியூர் கார் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் அப்படித்தான். எத்தனை பேர், எங்கே தங்கல் என்று ஊரே அறிய எழுதிக் கொடுக்க மனசில்லாமல் பஸ்ஸிலேயே வருகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, என் ஹால், ஏழெட்டுப் பெண்கள். பேங்க் பரீட்சைக்கு கோச்சிங் என்று ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கிறேன். முழுப்பொய் இல்லை, இரண்டு பேருக்கு நிஜமாகவே கணக்குச் சொல்லித் தருகிறேன்.

2025 மே மாதம், வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டு, கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தோம். "அதுக்குப் பத்திரம் பதியணுமா?" என்று அக்கா கேட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கையில் கதவு தட்டப்பட்டது.

ஆன்ட்டி. கையில் ஒரு தட்டு பஜ்ஜி.

"இவ்ளோ சத்தமா படிக்கிறீங்களே, இதுவரைக்கும் எத்தனை பேரு பாஸு?"

"ஒருத்தி, ஆன்ட்டி" என்றேன். கிளார்க் பரீட்சை. அது உண்மை.