38 டாலர் டாக்ஸியும் 54 டாலர் மாலுமியும்

முதலில் டாக்ஸிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. கலிஃபோர்னியாவில் ரிச்மண்ட் ரயில் நிலையத்திலிருந்து, ரெட் ஓக் விக்டரி என்ற இரண்டாம் உலகப்போர் வெடிமருந்துக் கப்பல் இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் இடத்துக்கு சில மைல்தான். அதற்கு 38 டாலர்! ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை. துறைமுகத்துக்குள் இரண்டு சுற்று சுற்றி, பூட்டிக்கிடந்த ஒரு கேட் முன்னால் நிறுத்தி, யாருக்கோ போன் போட்டு வழி கேட்டார். அவ்வளவு நேரமும் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கும் அவருக்கு வழி தெரியாததற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஃப்ரீமாண்டில் அக்கா வீட்டிலிருந்து பார்ட் என்கிற உள்ளூர் மின்சார ரயிலில் வண்டி மாறாமல் ரிச்மண்ட் வந்துவிடலாம், கடைசி ஸ்டேஷன், தூங்கிப்போனாலும் பயமில்லை. "இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுட்டு ஒரு பழைய கப்பலைப் பார்க்கவாடா போற?" என்று அக்கா கேட்டாள், கேட்டுக்கொண்டே தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தாள். எப்படிப் போவது, என்ன பார்ப்பது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் வரிசையாக வருகிறதோ பார்ப்போம்.

ஏற்றுமதி இறக்குமதிக்கென்று வரிசைகட்டி நிற்கும் புத்தம்புதுக் கார்களைத் தாண்டினால், ராட்சதக் கொக்கு மாதிரி ஒரு பழைய கிரேன், அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ரெட் ஓக் விக்டரி. 455 அடி நீளம். இரண்டாம் உலகப்போரில் இந்த ஊரின் நான்கு கப்பல் கட்டும் தளங்களில் மொத்தம் 747 கப்பல்கள் கட்டினார்கள். அதில் ஒன்றை நான்கரை நாள் சொச்சத்தில் கட்டிக் கடலில் இறக்கினார்கள் என்று படித்தபோது நான் நம்பவில்லை, எங்கள் தெருவில் ஒரு பாலத்துக்கு நாலு வருடம் ஆனதைப் பார்த்தவன் நான். ரெட் ஓக் விக்டரிக்கு 87 நாள் ஆனது. 1944 நவம்பர் 9ல் கடலில் இறக்கி, டிசம்பர் 5ல் கடற்படையில் சேர்த்து, ஜனவரி 10ல் பசிபிக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெயர்க்காரணம் ஒரு சோகம். ரெட் ஓக் என்பது அயோவா மாநிலத்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்தக் காலத்து நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையில் ஒரே ஊர்ப் பையன்களெல்லாம் ஒரே பிரிவில் இருப்பார்கள், அதனால் 1943 பிப்ரவரியில் துனிசியாவின் கேசரீன் கணவாய்ப் பக்கம் நடந்த சண்டையில் அந்தப் படை சிக்கியபோது, "உங்கள் மகனைக் காணவில்லை" என்கிற தந்திகள் அந்தச் சின்ன ஊருக்குக் கட்டுக்கட்டாக வந்தன.

மேலே ஏறியதும் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன், நேராகப் பீரங்கியிடம் போனேன். படம் எடுத்தேன், செல்ஃபி எடுத்தேன். அங்கே எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒரு தன்னார்வலர் நின்றிருந்தார். எழுபதுக்கு மேல் வயது, வேலைக்காலம் முழுக்கக் கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவராம். "பீரங்கியை எல்லோரும் பார்க்கிறார்கள். வாருங்கள், என் அப்பா வேலை செய்த இடத்தைக் காட்டுகிறேன்" என்றார். அவர் அப்பா இருந்தது இதே கப்பல் இல்லை, இதே மாதிரி வெடிமருந்து ஏற்றிப்போன இன்னொன்று. 1945ல் வயது 18. பதினேழிலேயே பெற்றோர் கையெழுத்து இருந்தால் கடற்படையில் எடுத்துக்கொள்வார்கள், அப்படிச் சேர்ந்தவர்.

அவர் காட்டிய இடம் ஒரு வின்ச், அதாவது கம்பியைச் சுற்றிப் பளு தூக்கும் இயந்திரம். கப்பலின் சரக்கறையைத் திறந்தால் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து லிஃப்ட் பள்ளத்தை எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. அந்த ஆழத்திலிருந்து குண்டுகளை வலையிலோ பலகையிலோ அடுக்கி, வின்ச்சால் தூக்கி, பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கும் போர்க்கப்பலுக்கோ படகுக்கோ மாற்ற வேண்டும். ஐந்து அங்குலப் பீரங்கிக் குண்டு ஒன்று 25 கிலோ, நம் அரிசி மூட்டை. பெரிய போர்க்கப்பலின் 16 அங்குலக் குண்டு 1,200 கிலோவுக்கு மேல். கடல் அலையில் கப்பல் ஒரு பக்கம் சாய, தூக்கிய சரக்கு இன்னொரு பக்கம் ஆட, லீவரைப் பிடித்திருப்பது மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். நான் அந்த லீவரைப் பிடித்துப் பார்த்தேன். பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது, பெயின்ட் அங்கே மட்டும் நிற்கவில்லை.

வெடிமருந்து கையாளும்போது கப்பலில் சிவப்புக் கொடி ஏறிவிடும். சிகரெட் கிடையாது. மற்ற கப்பல்களிலிருந்து தள்ளி, தனியாகத்தான் நங்கூரம் போட வேண்டும். "எங்கள் அப்பா சொல்வார், ஆயிரம் பேர் பார்க்கிற தூரத்தில் இருப்போம், ஆனால் ஒருத்தனும் பக்கத்தில் வரமாட்டான்" என்றார் பெரியவர்.

பயம் சும்மா இல்லை. இந்தக் கப்பலைக் கடலில் இறக்கிய மறுநாள், 1944 நவம்பர் 10, பப்புவா நியூ கினி பக்கம் மேனஸ் தீவின் சீயட்லர் துறைமுகத்தில் மவுண்ட் ஹூட் என்ற வெடிமருந்துக் கப்பல் 3,800 டன் சரக்கோடு வெடித்தது. கப்பலில் இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை, ஏதோ வேலையாகக் கரைக்குப் போயிருந்த 18 பேர் மட்டும் பிழைத்தார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால், ஜூலை 17ல், ரிச்மண்டுக்குப் பக்கத்திலேயே போர்ட் சிகாகோவில் குண்டு ஏற்றும்போது இரண்டு கப்பல்கள் வெடித்து 320 பேர் செத்தார்கள், 202 பேர் கறுப்பினத்தவர். ஏற்றுகிற வேலை கறுப்பு மாலுமிகளுக்கு, அதிகாரம் பண்ணுகிற வேலை வெள்ளை அதிகாரிகளுக்கு என்பதுதான் அன்றைய ஏற்பாடு. அந்த நிலையில் மறுபடி ஏற்ற மாட்டோம் என்று சொன்னவர்களில் 50 பேருக்குக் கலகக் குற்றம் சாட்டித் தண்டனை கொடுத்தார்கள். அது தவறு என்று கடற்படை ஒப்புக்கொண்டு அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது 2024 ஜூலை 17ல், கப்பல்கள் வெடித்து சரியாக 80 வருடம் கழித்து. அயோக்கியத்தனத்துக்குச் சில மாதம் போதும், அதைத் திருத்த எண்பது வருடம். (கப்பல்கள் வெடித்த அந்த இடம் இன்றும் ராணுவ வளாகத்துக்குள் இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்யாமல் உள்ளே விடமாட்டார்கள். நான் பதிவு செய்யவில்லை, நீங்களாவது செய்யுங்கள்.)

ரெட் ஓக் விக்டரி போனது கரோலின் தீவுகளில் உலித்தி என்ற பவளத்தீவுக்கு. அமெரிக்கக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து எண்ணெயும் குண்டும் சாப்பாடும் நிரப்பிக்கொண்டு போகும். போர் முடியும்வரை எத்தனையோ ஆயிரம் டன் குண்டைக் கைமாற்றியும் இந்தக் கப்பலில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மெடல் கொடுப்பதாக இருந்தால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும், ஆனால் எதுவும் வெடிக்காததை யார் படம் எடுப்பார்கள்?

உலித்தியில் மொக்மொக் என்று ஒரு குட்டித்தீவு, மாலுமிகள் காலாற நடக்க. தலைக்கு இரண்டு கேன் பீர், அதுவும் வெதுவெதுப்பாக. பெரியவரின் அப்பா குடிக்கமாட்டார், தன் பங்கைக் கொடுத்து அடுத்தவனின் இரவுக் காவலை மாற்றிக்கொள்வாராம். அதுவும் தூங்குவதற்கு இல்லை, கடிதம் எழுதுவதற்கு. எழுதியதைக் கப்பல் அதிகாரி படித்து, இடமோ தேதியோ இருந்தால் பிளேடால் வெட்டிவிடுவார். வீட்டில் இன்னும் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன, சன்னல் வைத்த காகிதம் மாதிரி. "அம்மாவுக்கு ஓட்டைகளும் சேர்த்தே மனப்பாடம்" என்றார்.

படுக்கை அறையையும் காட்டினார். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள், நடுவில் புரண்டு படுக்க இடமில்லை. பூமத்திய ரேகைப் பக்கத்து வெயிலில் இரும்புக்குள் வெந்துபோய்ப் பாதிப்பேர் மேல்தளத்தில்தான் தூங்குவார்களாம். கீழே குண்டு, மேலே நட்சத்திரம், நடுவில் பாய்.

சம்பளம் கேட்டேன், காசு விஷயத்தில் எனக்கு வெட்கம் கிடையாது. இரண்டாம் நிலை மாலுமிக்கு மாதம் 54 டாலர், கடலில் இருந்தால் 20 சதவீதம் கூடுதல். ஒரு மாதம் குண்டுகளுக்கு மேல் தூங்கினால் 64 டாலர் 80 சென்ட். நான் காலையில் டாக்ஸிக்குக் கொடுத்தது 38. அன்றைய டாலர் வேறு, இன்றைய டாலர் வேறு என்று தெரியும், ஆனாலும் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

சாப்பாடு! சில ஞாயிறுகளில் மாலுமிகளின் சாப்பாட்டுக் கூடத்திலேயே பான்கேக் காலை உணவு உண்டு, நான் போனது அப்படி ஒரு நாள். தட்டு கொள்ளாத அளவு மூன்று, ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வெண்ணெய் உருகி வழிகிறது. இந்தப் பயணத்திலேயே மிகச் சிறந்த சாப்பாடு இதுதான், அக்காவின் தயிர்சாதத்தைக் கணக்கில் சேர்க்காமல். காபி மட்டும் எஞ்சின் அறையிலிருந்து வந்ததோ என்று சந்தேகம். எல்லா ஞாயிறும் கிடையாது, விசாரித்துவிட்டுப் போங்கள். எஞ்சின் அறை ஏணி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் மேலேயே நின்றுகொள்ளலாம்.

திரும்பும்போது படகு பிடிக்கலாம் என்றிருந்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் படகு கிளம்பும் துறை தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான், கப்பலிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம் மாதிரி இருக்கிறது, சாலை வழியாகப் போனால் துறைமுகத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே போர்க்காலத் தொழிலாளிப் பெண்களைப் பற்றிய தேசியப் பூங்கா மையம், அனுமதி இலவசம், அதையும் பார்த்துவிடுங்கள். மறுபடியும் டாக்ஸியா என்று நான் போனைக் கையில் வைத்து முழித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் தன் பழைய வண்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

படகுத்துறையில் இறங்கி 10 டாலர் நீட்டினேன். வாங்கவில்லை. "கப்பல் உண்டியலில் போடுங்கள்" என்றார். உண்டியல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவரும் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நோட்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது, மற்ற காசோடு சேர்க்காமல் தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.