கலவர வழக்கில் ஜூரியாக உட்கார்ந்தபோது

கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கியவர்களுக்கு எப்படியும் ஒரு நாள் தபாலில் ஜூரி சம்மன், அதாவது நீதிமன்றத்தில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருவராக வரச் சொல்லும் அழைப்பு, வந்துவிடும். எனக்கும் வந்தது. முதல் நாள் பெரும்பாலும் காத்திருப்புதான், அதற்குப் பணம் கிடையாது, இரண்டாம் நாளிலிருந்து தினம் 15 டாலர். கம்பெனி சம்பளம் தருமா என்பது கம்பெனியைப் பொறுத்தது, ஆனால் ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு எடுக்கச் சட்டம் இடம் தராது.

எங்களைக் கூப்பிட்ட வழக்கு கலவரத்தில் பங்கெடுத்த வழக்கு, அதாவது மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 404, 405 பிரிவுகள். இரவில் ஒரு மதுக்கடை வாசலில் கார் நிறுத்துமிடத்தில் இரு கோஷ்டிகளுக்குள் அடிதடி. பலர் ஓடிவிட்டார்கள், இருவர் மேல் மட்டும் விசாரணை. ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது டிஃபென்ஸ் வக்கீல், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வக்கீல், என்னிடம், கூட்டத்தில் நின்றாலே குற்றவாளி என்று நினைப்பீர்களா என்று கேட்டார். நான் வளர்ந்த இந்தியாவில் சட்டவிரோதக் கூட்டம் என்றால் ஐந்து பேர் வேண்டும், ஆனால் அப்படிச் சேர்ந்த பிறகு, பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்று சொன்னேன். இங்கே ஜட்ஜ் சொல்லும் சட்டத்தை மட்டும் பின்பற்ற முடியுமா என்று அடுத்து கேட்டார். முடியும் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

சாட்சியம் பெரும்பாலும் செல்போன் வீடியோக்கள்தான், அதை நீட்ட வேண்டாம். மனதில் நிற்பது கடைசியில் ஜட்ஜ் வாசித்துக் காட்டி, எழுத்திலும் கையில் கொடுத்த சட்ட விளக்கம். கலவரம் என்றதும் எரியும் பஸ்ஸும் ஆயிரம் பேரும்தான் கண்ணுக்கு வரும். கலிஃபோர்னியாவுக்கு இரண்டே பேர் போதும். சேர்ந்து வன்முறையில் இறங்க வேண்டும், அல்லது அப்போதே அங்கேயே செய்துவிடக்கூடிய நிலையில் மிரட்ட வேண்டும், அதற்குச் சட்ட அதிகாரம் இருக்கக் கூடாது, பொது அமைதி கெட்டிருக்க வேண்டும். பொருள் சேதம் வேண்டாம், யாருக்கும் காயம்கூட வேண்டாம். முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டியதும் இல்லை. இவ்வளவு அகலமாக வலை விரிக்கிற சட்டத்தில் தப்பிக்க இடம் எங்கே என்றுதான் அந்தத் தாளைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

அந்த இடம் "சேர்ந்து" என்பதில்தான் இருக்கிறது. முதல் ஆளைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை, நண்பரோடு சேர்ந்து கீழே விழுந்தவரை உதைப்பது வீடியோவிலேயே தெரிந்தது. இரண்டாவது ஆள் கூட்டத்தில் நிற்கிறார், கத்துகிறார், கை உயர்த்தியிருக்கிறார், கையில் போன். கத்தியதே மிரட்டல்தான் என்று சிலர், கலவரத்தில் எல்லோரும்தான் கத்துவார்கள் என்று சிலர். குரல் உயர்ந்தது, ஒருவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஜட்ஜுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பினோம், விளக்கத்தை மறுபடி படியுங்கள் என்று பதில் வந்தது. அப்புறம் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, இவர் யாரோடு சேர்ந்து என்ன செய்தார் என்று வீடியோவை நிறுத்தி எனக்குக் காட்டுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். யாராலும் காட்ட முடியவில்லை. பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு, நியாயமான சந்தேகம் இருந்தால் விடுவிக்க வேண்டும். முதல் ஆள் குற்றவாளி, இரண்டாமவர் இல்லை என்று முடிவானது. அந்த அம்மா இல்லாவிட்டால் அது எப்படி முடிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பதற்றம் வருகிறது.

தண்டனை என்ன என்பதை எங்களிடம் சொல்லவே இல்லை, அதை யோசிக்கக் கூடாது என்பதும் விதி, வழக்கு முடியும்வரை சொந்தமாகத் தேடிப் படிக்கவும் தடை. எங்களை விடுவித்த பிறகுதான் பார்த்தேன்: 405-ன்படி அதிகபட்சம் கவுண்டி (மாவட்ட) சிறையில் ஒரு வருடம், அல்லது 1000 டாலர் அபராதம், அல்லது இரண்டும். தூண்டிவிடுவதற்கு 404.6 என்று தனிப் பிரிவு. அப்படியே மற்ற மாநிலங்களையும் படித்தேன். நியூயார்க்கில் குற்றம் சாட்டப்பட்டவரோடு இன்னும் நான்கு பேராவது சேர்ந்திருந்தால்தான் கலவரம், அவரோடு இன்னும் பத்துப் பேராவது சேர்ந்து வெளியாள் யாருக்காவது காயமோ பெரிய சேதமோ ஆனால் அது ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். டெக்சஸில் ஏழு பேர் வேண்டும். நாங்கள் குற்றவாளி என்று சொன்ன ஆளும் அவர் நண்பரும் அதே உதையை நியூயார்க்கில் உதைத்திருந்தால், வேறு யாரும் சேராதவரை, தாக்குதல் வழக்கு வந்திருக்கும், கலவர வழக்கு வந்திருக்காது. எல்லைக் கோட்டைத் தாண்டினால் குற்றமே மாறுகிறது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சம்மன் வந்த தேதி ஒத்துவராவிட்டால் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள். ஜூரிகள் கூடி முடிவெடுக்கும் அறைக்குள் போன பிறகு விளக்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பொருத்திப் பாருங்கள்.