வீராவின் வால்வு ஸ்பிரிங்

மார்ச் 3, 2024, ஞாயிறு

செப்பாங் பந்தயப் பாதையில் ஓட்டம் முடிந்து கிள்ளான் வந்து சேர இரவு ஒன்பது. உடம்பு அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை. பின்பக்க நீண்ட நேர்பாதையில் 6,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டியதுமே எஞ்சின் தடதடவென்று அடித்து இழுவை நின்றுபோகிறது. நாள் முழுக்க அதேதான்.

கார் என் புரோட்டோன் வீரா. உள்ளே மிட்சுபிஷி எவோ 3 ஹாஃப் கட்டில் (வெட்டி விற்கும் பழைய காரின் முன்பாதியில்) வந்த 4ஜி63 டர்போ எஞ்சின், 264 டிகிரி கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) 1.5 பார். முதலில் பிளக் மேல்தான் சந்தேகம். மதியம் இடைவெளியை 0.7 மி.மீ.யிலிருந்து 0.55க்குக் குறைத்தேன், மாற்றமே இல்லை. பொறி தோற்றால் சிலிண்டர் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் 5,000 பக்கத்திலேயே தடுமாற வேண்டும். அங்கே சுத்தமாக இழுக்கிறது. பூஸ்டை 0.9 பாருக்கு இறக்கினேன். தடதடப்பு 7,200க்குத் தள்ளிப்போனது.

மார்ச் 5, செவ்வாய்

பட்டறை மெக்கானிக் போமன் அண்ணனிடம் சொன்னேன். கேட்ட உடனே, "தம்பி, வால்வு மிதக்குது. இனிமே ஒரு தடவைகூட அந்த ஆர்பிஎம்முக்கு இழுக்காதே" என்றார். கேமின் முதுகில் இறங்க வேண்டிய வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை என்று அர்த்தம். 4ஜி63இல் இது கூடுதல் ஆபத்து. ராக்கர் ஆர்ம் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) போல்ட் போட்டு நிற்பதில்லை, வால்வுக்கும் ஹைட்ராலிக் லிஃப்டருக்கும் (எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைச் சரிசெய்யும் தாங்கி) நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறது. வால்வு மிதந்தால் ராக்கர் கழன்று விழும்.

மார்ச் 9, சனி

எஞ்சின் ஹெட்டை (மேல்பகுதியை) இறக்காமலே ஸ்பிரிங்குகளைக் கழற்றினோம். பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, கிராங்கை மெல்லத் திருப்பினால் கயிறு இறுகி வால்வுகளைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளும். சிலிண்டரில் காற்றை அடைத்து வால்வைத் தாங்கவைக்கும் ஹோஸை விட எனக்கு இதுதான் நம்பிக்கை.

ஸ்பிரிங் சோதனை இயந்திரம் எங்களிடம் இல்லை. டிரில்லிங் மெஷின் மேடையில் குளியலறை எடைத் தராசை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் நிற்கும் 40 மி.மீ. உயரம் வரும்வரை அழுத்தி எடையைக் குறித்தோம். கடையிலிருந்து வாங்கிய புது ஒரிஜினல் ஒன்று 29 கிலோ காட்டியது. என்னுடைய பதினாறில் இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கம் 25 முதல் 27. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் எல்லாமே 25க்குக் கீழே, மூன்றாம் சிலிண்டரில் ஒன்று வெறும் 22. இத்தனை வருடச் சூடு!

மார்ச் 10, ஞாயிறு

ஸ்பிரிங்குக்கு எதிராக வால்வைத் திறக்கத் தள்ளும் அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட, காலையிலேயே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். இன்டேக் வால்வு 34 மி.மீ. தண்டின் பரப்பைக் கழித்தால் பின்புறம் 8.7 சதுர செ.மீ. அதன் மேல் 1.5 பார் பூஸ்ட் தள்ளினால் சுமார் 13 கிலோ. எக்ஸாஸ்ட் வால்வு 30.5 மி.மீ., பரப்பு 7 சதுர செ.மீ. டர்பைனுக்கு முன்னால் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாயில்) இருப்பது பூஸ்ட் அழுத்தம் இல்லை. போன மாதம் டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரத்தில்), நீளமான செம்புக் குழாய் வழியாக கேஜ் வைத்துப் பார்த்தபோது 7,000இல் 2.4 பார். அப்படியானால் 17 கிலோ. 22 கிலோ ஸ்பிரிங்கில் மிச்சம் ஐந்துதானா? பயந்துபோய், கண்ணில் பட்டதிலேயே கடினமான டூயல் ஸ்பிரிங்கை (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு) வாங்க மனசு ஓடியது.

மார்ச் 13, புதன்

ஞாயிறு போட்ட கணக்கில் ஒரு பிழை இருந்திருக்கிறது, அன்று முழுக்க அது எனக்குத் தெரியவில்லை. வால்வின் பின்புறத்தை மட்டும் பார்த்தேன், முன்புறம் சிலிண்டரும் வெறுமையாக இல்லை. இன்டேக் வால்வு மூடும் நேரத்தில் சிலிண்டருக்குள்ளும் ஏறத்தாழ அதே பூஸ்ட் அழுத்தம் இருக்கிறது, இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் உண்மையான வித்தியாசம் 2.4இல் 1.5 போக 0.9 பார், அதாவது ஆறு கிலோவுக்கு மேல். பக்கத்துச் சிலிண்டரின் புகை அலை வந்து மோதும் கணத்தில் இன்னும் கூடும். ஆக, கவனிக்க வேண்டியது எக்ஸாஸ்ட் பக்கம்தான்.

பூஸ்டை விடப் பெரிய எதிரி வேகம். வால்வைத் திருப்பத் தேவைப்படும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுகிறது. 7,000இலிருந்து 8,000 போனால் 31 சதவீதம் கூடுதல். எனக்கு 7,600 போதும்.

மார்ச் 17, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன்: டூயல் வேண்டாம், பீஹைவ் (தேன்கூடு வடிவ) ஒற்றை ஸ்பிரிங்.

டூயலுக்கு நல்ல குணம் உண்டு. ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வை சிலிண்டருக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளும், உள் ஸ்பிரிங் வெளி ஸ்பிரிங்கின் அதிர்வையும் அடக்கும். ஆனால் நான் பார்த்த செட் முழு லிஃப்டில் (வால்வு முழுதாகத் திறந்த நிலையில்) 110 கிலோவுக்கு மேல். அந்தச் சுமையில் ஹைட்ராலிக் லிஃப்டர் எண்ணெயைக் கசியவிட்டு அமுங்கும், கேம் முனையும் தேயும். பீஹைவ் மேலே குறுகுவதால் ரீடெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மேல் மூடி) சின்னது, எடை குறைவு. எடை குறைந்தால் ஸ்பிரிங்கின் வேலையும் குறையும். சுருள்களின் அகலம் மாறிக்கொண்டே போவதால் ஒரே அதிர்வெண்ணில் மாட்டி ஆடுவதும் இல்லை.

போமன் அண்ணனுக்கு அரை மனசுதான். "உடைஞ்சா பிஸ்டன் போச்சு" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் இரண்டு சீசனுக்கு ஒருமுறை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 30, சனி

புது ஸ்பிரிங் தராசில் 40 மி.மீ. உயரத்தில் 38 கிலோ, ஒரு மி.மீ.க்கு 5 கிலோ ஏற்றம். கேம் லிஃப்ட் 10.2 மி.மீ., ஆக முழு லிஃப்டில் 89. சுருள்கள் ஒட்டிக்கொள்ளும் உயரம் 27.6, இடைவெளி 2.2 மிச்சம். 0.5 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்தோம்: வால்வு மூடிய நிலையில் 40.5 கிலோ, இடைவெளி 1.7. உயரத்தைப் பதினாறு இடத்திலும் தனித்தனியாக அளந்தோம். இரண்டு இடத்தில் 0.3 வித்தியாசம், ஷிம்மை மாற்றிச் சரிசெய்தோம். ரீடெய்னர் வால்வுத் தண்டின் எண்ணெய் சீலைத் தொடுகிறதா என்பதையும் பார்த்தாயிற்று.

நோன்பு மாதம், பக்கத்துப் பட்டறைக்காரர் நோன்பு திறக்கும் நேரம் வரை டிரில்லிங் மெஷினை எங்களுக்கே விட்டுவிட்டார். அந்த நல்ல மனசுக்கு நன்றி.

ஏப்ரல் 6, சனி

டைனோ. முதலில் 0.9 பாரில் 7,600 வரை, சுத்தம். அப்புறம் 1.2. கடைசியாக 1.5. 6,800ஐக் கடந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோடு வளையாமல் 7,600 வரை போனது, ஆர்பிஎம் லிமிட்டரை அங்கேயே வைத்தாயிற்று. எஞ்சின் சூடு ஆறியபின் ஸ்டார்ட் செய்தால் எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு லிஃப்டர் அரை நிமிடம் டிக் டிக் என்கிறது. ராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) முன் எண்ணெய் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த 22 கிலோ ஸ்பிரிங்குக்கு அடையாளச் சீட்டுக் கட்டி டூல்பாக்ஸில் வைத்திருக்கிறேன்.