வாளையா, வாழையா?

யாழ்ப்பாணத்தில் ஏழாம் தரப் பிள்ளைகளுக்காக நடந்த சொல்வதெழுதுதல் போட்டி ஒன்றில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். சொற்களை வாசித்தவர் எட்டாவது சொல்லாக ‘வாளை’ என்றார். நான் திருத்திய தாள்களில் ஒன்றில், ஒரு பிள்ளை ‘வாளை’ என்று எழுதி, அதை வெட்டி ‘வாழை’ என்று எழுதி, அதையும் வெட்டிவிட்டு மறுபடியும் ‘வாளை’ என்றே எழுதியிருந்தது. விடைப் பட்டியலில் இருந்தது ‘வாழை’. நான் பிழை போட்டேன்.

எங்களில் பலருடைய பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. குழம்பும் மாட்டின் குளம்பும் காதுக்கு ஒன்றுதான். சந்தையில் வாளை மீனும் வாழைக்குலையும் பக்கத்துப் பக்கத்தில் விற்கிற ஊரில், வசனமோ பொருளோ சொல்லாமல் அந்தச் சொல்லைத் தனியே வாசித்துவிட்டு, காதில் விழுந்ததை எழுதிய பிள்ளையின் புள்ளியைக் குறைத்தோம். பிழை வாசித்த வாயில் இருந்தது.

அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில், சொல்லின் பொருள், மூலமொழி, அது வரும் வசனம் ஆகியவற்றைப் போட்டியாளர் கேட்கலாம். 2021இல் அங்கே வெற்றியைத் தீர்மானித்த சொல் ‘முர்ராயா’. எங்கள் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரான முர்ராயா கோயினிகியின் முற்பாதி. (எங்கள் முற்றத்து மரத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை அப்போதுதான் நான் அறிந்தேன்.) சொல் அரிதுதான், ஆனாலும் கேட்டுத் தெளிய வழி இருந்ததால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

கடினமான சொல் வேறு, நியாயமற்ற சொல் வேறு. ‘முந்நூறு’ கடினமானது, காதுக்கு ‘முன்னூறு’ என்றே கேட்கும், ஆனால் மூன்றும் நூறும் சேர்வதை அறிந்த பிள்ளை நகரத்தை இரட்டித்து எழுதிவிடும். அதே பிள்ளை நான்கும் நூறும் சேரும்போது ‘நானூறு’ என்று னகரம் போடவேண்டும் என்பதையும் அறிந்திருந்தால், அதற்குத் தாராளமாகப் பரிசு கொடுக்கலாம். ‘பவளம்’, ‘பவழம்’ இரண்டும் சரியாக இருக்க ஒன்றை மட்டும் பட்டியலில் வைப்பது அப்படியன்று. பிறமொழிச் சொற்களில் இது இன்னும் மோசம்: ‘யூலை’ என்று ஊர்க் கோயில் நோட்டீசில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ‘ஜூலை’ தான் சரி என்று எந்த அதிகாரத்தில் சொல்வது? அமெரிக்கப் போட்டிக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 2013இல் வெற்றிச் சொல்லான ‘க்னேடல்’, யூதர்களின் மாவுருண்டை ஒன்றின் பெயர். யூதர்களின் மொழிகளில் ஒன்றான இத்திஷின் அறிஞர்கள் அதை வேறு எழுத்துகளால் எழுதவேண்டும் என்றார்கள். அங்கே போட்டிக்கென ஓர் அகராதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்ததால் முடிவு மாறவில்லை. 1842இலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அகராதி அச்சிட்ட எங்களுக்கு, போட்டிக்கு முன் ஓர் அகராதியின் பெயரை அறிவிப்பது பெரிய காரியமா?

அடுத்த போட்டிக்கான பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வசனம் எழுதுவோம் என்றேன். “வசனம் சொன்னால் பிள்ளையள் கண்டுபிடிச்சிடுவினமே, சேர்” என்றார் அருகில் இருந்த ஆசிரியர்.

“கண்டுபிடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, முதல் சொல்லுக்கு எதிரே எழுதினேன்: ‘மாட்டின் குளம்பில் முள் ஏறியது.’