செத்த தேரைக்கு இரண்டு பெயர்

நாட்டில் ஒரு மனுசனைச் செத்தவனாக்க மரணச் சான்றிதழ் வேண்டும், அதற்கு நாலு கையெழுத்துக்கு அலைய வேண்டும். தேரைக்கு அந்த அலைச்சல் கிடையாது. நூற்றுச் சொச்சம் வருசம் எவர் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும், ஆள் காலி என்று எழுதிவிடுவார்கள். இலங்கை மலைநாட்டில் ஒரு தேரைக்கு இதுதான் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், மரண அறிவித்தல் வந்த நேரத்தில் அது வேறு பெயரில் சிவனொளிபாதமலைக் காட்டு ஓடையோரம் சாவகாசமாகப் பூச்சி தின்றுகொண்டிருந்தது.

கதை 1872இல் தொடங்குகிறது. ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர், லண்டனுக்கு வந்துசேர்ந்த மாதிரிகளைப் பார்த்து இதற்கு புஃபோ கண்டியானஸ் என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் தேரை என்றாலே புஃபோதான், தோட்டத்துத் துரைக்குத் தொழிலாளி எல்லாருமே ராமசாமி என்பது போல. பிறகு அது அடெனோமஸ் என்ற, இலங்கைக்கே உரிய பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய சொந்தக்கார இனங்களின் தொகுதிக்குள், போனது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன உடம்பு. ஈரவலயத்து மழைக்காட்டு நீரோடைதான் அந்தக் குடும்பத்துக்கு வீடு.

அதன்பின் கண்டியானஸை யாரும் காணவில்லை. இருந்ததெல்லாம் அருங்காட்சியகப் போத்தலில் சாராயத்தில் ஊறிய பழைய மாதிரிதான். சாராயம் மனுசனுக்குச் செய்வதைத் தேரைக்கும் செய்கிறது: நிறம் வெளுக்கும், தோல் சுருங்கும், சொரசொரப்பு அமுங்கும், கடைசியில் முகமே வேறாகிவிடும். ஆகவே 1998இல் மனமேந்திர ஆரச்சி, பெத்தியாகொட என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிவனொளிபாத வனப்பகுதித் தேரையொன்றை விவரித்தபோது, போத்தலில் இருப்பவரும் இவரும் ஒருவரே என்று தோன்றாததில் பிழை சொல்ல முடியாது. இந்திரனீல் தாஸ் என்ற ஊர்வன ஆய்வாளரைக் கௌரவித்துப் புதியவருக்கு அடெனோமஸ் தாசி என்று பெயர் வந்தது.

2004இல் உலகச் சிவப்புப் பட்டியல் கண்டியானஸை அழிந்துபோன இனம் என்று அறிவித்தது. தாசி உயிரோடு இருந்தது. 2009இல் அதே சிவனொளிபாத வனப்பகுதியில் கண்டியானஸ் அகப்பட்டது. 2012இல் கட்டுரை வந்தபோது, உலகத்திலேயே அரிதான தேரை என்ற பட்டமும் கூடவே வந்தது. துக்க வீட்டில் பிணம் எழுந்து தேத்தண்ணி கேட்ட மாதிரி.

பட்டத்துக்கு ஆயுள் மூன்று வருசம். 2015இல் மீகஸ்கும்புர என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்தத் தேரைகள் வாழும் இடமெல்லாம் தேடி, வெளித்தோற்றம், எலும்பு, தலைப்பிரட்டை, குரல், மரபணு என்று ஒன்றுவிடாமல் ஒப்பிட்டார்கள். முடிவு: அடெனோமஸில் இனங்கள் மூன்றல்ல, இரண்டு. ஒன்று கெலார்ட்டி, 1858இலேயே பெயர் வாங்கியது. மற்றது கண்டியானஸ். தாசி என்பவர் கண்டியானஸேதான். பெயரிடும் சட்டத்தில் பட்டா எப்போதும் மூத்த பெயருக்கே. 1872க்கு முன்னால் 1998 நிற்க முடியாது. இளைய பெயர் ஏட்டின் அடிக்குறிப்புக்கு இறங்கியது.

குரல் சாட்சியை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று நம் முன்னோர் சொன்னதை இன்றைக்கு ஒலியியல் ஆய்வு என்கிறார்கள். ஒலிவாங்கியைத் தேரைக்குக் கிட்ட வைத்துப் பதிந்து, கணினியில் துடிப்புகளை எண்ணுவார்கள். சிக்கல் இரண்டு. ஓடை இரைச்சல் குரலை விழுங்கிவிடும். காற்றின் வெப்பநிலை குறைந்தால் தேரையும் மெதுவாகத்தான் கத்தும். வெப்பநிலையைக் குறிக்காமல் பதிந்தால், குளிரில் கத்திய அதே தேரை வேறோர் இனம் போலத் தெரியும். இப்படித்தான் ஒரு புது இனம் கணினிக்குள்ளேயே பிறந்து கணினிக்குள்ளேயே சாகிறது.

இனி, டிசம்பரில் யாத்திரைக் காலம் தொடங்கி மலையேறுகிறவர் கையில் டோர்ச்சும் தொலைபேசியும் இருக்கிறது, படிக்கட்டு விளக்கடியில் ஒரு தேரை குந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே "அழிந்த தேரை திரும்பி வந்தது" என்று வாட்ஸப்பில் போடுவதற்கு முன் அதன் தலையைப் பாருங்கள். கண்ணைச் சுற்றியும் மூக்குப் பக்கமும் கறுத்த எலும்பு வரம்பு, மை தீட்டியது போல ஓடுகிறதா? முதுகுக் கொப்புளங்களின் நுனியும் கறுப்பா? அப்படியானால் அது பெரும்பாலும் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ், உங்கள் வீட்டுச் சப்பாத்துக்குள் படுக்கும் அதே ஆள். தெற்காசியா, தென்கிழக்காசியா முழுக்க அதற்குச் சொந்தக்காரர் உண்டு. அடெனோமஸுக்குத் தலையில் அந்த வரம்பு கிடையாது, உடம்பும் ஒல்லி.

வரம்பு இல்லையென்றால் அடுத்த கேள்வி உயரம். கெலார்ட்டி சிங்கராஜா போன்ற தாழ்நிலக் காட்டிலும் இருக்கும். கண்டியானஸ் குளிர்ந்த மலைக்காட்டோடு நிற்கும். பெயரில் கண்டி இருக்கிறதே என்று கண்டி வாவிக்கரையில் தேடிப் பயனில்லை, விலாசம் அதற்குத் தெற்கே மலைச் சரிவில். ஆனால் உயரம் மட்டும் சாட்சியாகாது. பெண் பெரிது, ஆண் சிறிது, குஞ்சு இன்னும் சிறிது என்பதால் அளவும் தனியாக நம்பத்தக்கதல்ல. படம் எடுத்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் கண்ணுக்குப் பின்னுள்ள நச்சுச் சுரப்பி தெரிய ஒன்று, கைகால் விரல்கள் தெரிய ஒன்று எடுங்கள். முதுகை மட்டும் எடுத்தால் நிபுணரும் கையை விரிப்பார். நனைந்த தேரை ஒரு நிறம், காய்ந்த தேரை இன்னொரு நிறம்.

பிடிக்கப் போக வேண்டாம். காப்புக் காட்டில் அனுமதியின்றி அது குற்றம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காட்டில் தேரையின் அடையாள அட்டையைத் தேடிப் போகிறவரைக் காலில் வேறோர் அட்டை தேடி வரும். அதற்காகச் சவர்க்காரத்தையும் பூச்சித் தைலத்தையும் முழங்கால்வரை அப்பிக்கொண்ட கையால் தேரையைத் தொட்டால், அதன் தோல் அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிவிட்டால் அட்டைக்கு அது போதும். வேறு ஓடையில் மிதித்த சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள், தேரைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை சேற்றோடு பயணம் செய்யும்.

கடைசியில் இடம். படம் எடுத்த இடத்தைத் தொலைபேசி படத்துக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கும், வாட்ஸப் அதை அகற்றிவிட்டுத்தான் படத்தைக் கடத்தும். வாங்கியவர், "எங்கே எடுத்தது?" என்று கேட்பார். அனுப்பியவர் அதற்குள் இறங்கி பஸ் ஏறியிருப்பார். "இப்ப ஹட்டன்ல" என்று பதில் வரும். பரவல் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று ஹட்டன் பஸ் நிலையத்தில் போய்க் குந்திக்கொள்ளும்.